வாத்துகளின் கீழே: ரொறொன்ரோ இலையுதிர்காலச் சந்திப்புகள்

இலையுதிர்காலத்தில் இந்த நகரத்தில் தற்செயலாகச் சந்தித்து, பிறகு மறக்க முடியாமல் போனவர்களைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தீர்கள். எனக்கு உடனே நினைவில் வருவது ஒரு வயதான பெண்மணி. பெயர் தெரியாது. நகர நடுவில் இருக்கும் ஈற்றன் சென்ரர் கடைத்தொகுதிக்குள் பத்து நிமிடம்தான் அவரோடு கதைத்தேன்.

அந்தக் கட்டடத்துக்குள்ளால் 11 வருடம் வேலைக்குப் போய் வந்தவள் நான். நகரத்தின் கிழக்குப் பக்கம் ஸ்காபரோவில் பஸ், பிறகு சப்வே, பிறகு அந்தக் கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஓட்டமும் நடையும். தெற்குப் பக்கம் மேலே ஒரு கூட்டம் வாத்துகள் பறந்து வந்து இறங்குவதுபோலத் தொங்கும். கனடாவில் வாத்து இல்லாத இடம் எங்கே இருக்கிறது! நான் ஒருநாளும் நின்று அண்ணாந்து பார்த்ததில்லை.

அது ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை. நானும் என் இரண்டு சிநேகிதிகளும் படம் எடுக்கப் புறப்பட்டிருந்தோம். எங்கள் மூவருக்குள்ளும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. செப்ரெம்பர் கடைசியில் தொடங்கி, மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளும் நவம்பர் முதல் ஞாயிறு வரைக்கும், சனிக்கிழமைகளில் பிள்ளைகளை வீட்டுக்காரர்களிடம் விட்டுவிட்டு மூன்று மணித்தியாலம் நகரத்துக்குள் நடப்போம். நேரம் மாறிவிட்டால் பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், பிறகு குளிரும் சேர்ந்துகொள்ளும். ஒருத்தி யாழ்ப்பாணத்தில் என்னோடு படித்தவள். மற்றவள் கராச்சியில் பிறந்தவள், இங்கே நூலகத்தில் பழக்கமானாள். அவள் கமரா தூக்குவதில்லை, வரைவாள். தேத்தண்ணிப் போத்தலும் ரோல்ஸும் என் பொறுப்பு.

அன்று மழை பிடித்துக்கொண்டதால் உள்ளே ஒதுங்கினோம். கூரைக் கண்ணாடியில் தண்ணீர் வழிவதை எடுக்கலாம் என்று கமராவை உயர்த்தினேன். பக்கத்து வாங்கில் இருந்த அந்த அம்மா, "வாத்துகளைக் கிட்டக் கொண்டுவந்து பார், அவற்றின் உடம்பைப் பார்" என்றார்.

200 மில்லிமீற்றர் லென்ஸைத் திருப்பிப் பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இறகுகள் செதுக்கியவையும் இல்லை, தீட்டியவையும் இல்லை. அவை ஒளிப்படங்கள். ஃபைபர்கிளாஸில் செய்த வாத்து உருவத்துக்குச் சட்டை போட்டதுபோலப் படத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். 60 வாத்துகள். அத்தனைக்கும் ஒரே ஒரு வாத்தை எடுத்த படங்கள்தான் என்று அந்த அம்மா சொன்னபோது நான் திரும்பவும் லென்ஸுக்குள் கண்ணை வைத்தேன். மைக்கல் ஸ்னோ என்ற ரொறொன்ரோக் கலைஞர் 1979இல் செய்த வேலை அது. 11 வருடம் 60 ஒளிப்படங்களுக்குக் கீழே நடந்திருக்கிறேன். அந்த வருடங்களில் பாதி நாள் என் தோளிலும் ஒரு கமரா தொங்கியது.

அவர் இன்னொன்றும் சொன்னார். 1982இல் கிறிஸ்மஸ் அலங்காரத்துக்காக அந்த வாத்துகளின் கழுத்தில் சிவப்பு ரிபன் கட்டினார்களாம். ஸ்னோ நீதிமன்றத்துக்குப் போனார். வீனஸ் சிலைக்குத் தோடு மாட்டிவிடுவது போன்ற வேலை இது என்பது அவர் தரப்பின் வாதம். விற்று, காசும் வாங்கிய பிறகு கட்டடக்காரருடைய பொருள்தானே என்றுதான் நானும் நினைத்திருப்பேன். நீதிபதி அப்படி நினைக்கவில்லை. படைத்தவரின் மதிப்பைக் கெடுக்கும் மாற்றம் அது என்று சொல்லி ரிபன்களைக் கழற்ற வைத்தார். கனடாவில் கலைஞரின் தார்மீக உரிமை பற்றிப் படிக்கிறவர்கள் இன்றைக்கும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். "அந்த ரிபனை நான் என் கண்ணால் கண்டேன். அப்போது கீழே ஒரு கடையில் வேலை செய்தேன். எங்களுக்கு வடிவாகத்தான் இருந்தது. வழக்குக்குப் பிறகுதான் நாங்கள் வாத்துகளைப் பார்க்கத் தொடங்கினோம்" என்றார்.

மழை விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். வரைகிற சிநேகிதி அப்படியே தரையில் இருந்து ஒரு வாத்தைக் கீறத் தொடங்கினாள். பள்ளிக்கூடச் சிநேகிதி மட்டும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நாங்கள் எடுக்கிற படத்துக்கும் ஆராவது ரிபன் கட்டினால் கேட்கலாம் என்ன?" என்றாள். அவள் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறவள். அவளுடைய படங்களைக் கேட்காமல் எடுத்துப் பேரை வெட்டிப் போட்டவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை அவள் சும்மா கேட்கவில்லை.

அந்த வருடம்தான் புதன்கிழமைகளில் ஒன்ராறியோ கலைக்கூடத்துக்கும் போகத் தொடங்கினோம். நாங்கள் போன காலத்தில் புதன் மாலை 6 மணியிலிருந்து 9 மணி வரைக்கும் நிரந்தரச் சேகரிப்பைக் காசில்லாமல் பார்க்கலாம். கனடிய ஓவியர் ரொம் தொம்சனின் "மேற்குக் காற்று" அங்கேதான் இருக்கிறது. காற்றில் வளைந்த பைன் மரமும் பின்னால் கலங்கிய ஏரியும். 1917 யூலையில் அல்கொன்குவின் காட்டில் ஓர் ஏரியில் அவர் இறந்தபோது வயது 39. பெரிய ஓவியத்தின் முன்னால் எல்லாரும் நிற்பார்கள். என்னைப் பிடித்து வைத்தவை, அவர் வெளியிடங்களில் இருந்து சின்னப் பலகைகளில் வரைந்த ஓவியங்கள். இரண்டு உள்ளங்கையை விரித்து வைத்தால் மூடிவிடும்.

அங்கே காவலுக்கு நின்ற அண்ணை ஒருவர் நாங்கள் தமிழில் கதைப்பதைக் கேட்டுவிட்டு மெல்ல வந்தார். "தங்கச்சி, உதைக் கிட்ட நின்று பாருங்கோ. மரத்துக்கும் வானத்துக்கும் இடையிலே பலகை தெரியுதோ? அவர் அதைப் பூசாமல் விட்டிருக்கிறார். இப்ப அந்த மூலைக்குப் போய்ப் பாருங்கோ." போய்ப் பார்த்தோம். தூரத்தில் இருந்து பார்க்க, பூசாமல் விட்ட அந்தப் பலகைதான் மரங்களுக்கு நடுவில் வெளிச்சமாக நின்றது. ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் நிற்கிறேன், பார்க்காமல் என்ன செய்வது என்று சொல்லிச் சிரித்தார்.

அது என் படங்களை மாற்றிவிட்டது. அதுவரைக்கும் படச்சட்டம் முழுக்கச் சிவப்பு இலையாக நிரப்பி எடுப்பேன். அதிலும் நல்ல வெயிலைத் தேடி அலைவேன். வெயிலில் இலை பளபளத்து நிறம் வெளிறிப்போகும் என்பதே விளங்கவில்லை. முகில் மூடிய நாளில், மழை விட்ட கையோடு, கறுப்பு மரக்கொப்புகளுக்கு நடுவில் நாலே நாலு இலையை விட்டு எடுத்துப் பாருங்கோ. வரைகிற சிநேகிதி எப்போதும் மஞ்சளை முதலில் பூசிவிட்டு அதற்கு மேல் மற்ற நிறங்களை ஏற்றுவாள். ஏன் என்று கேட்டதற்கு, இலையிலும் அப்படித்தான் என்றாள். மஞ்சள் கோடை முழுக்க உள்ளே இருக்கிறது, பகல் குறுகிப் பச்சையம் அழியும்போதுதான் வெளியே தெரிகிறது. மேப்பிளின் சிவப்பைத்தான் இலை அந்த நேரத்தில் புதிதாக உண்டாக்குகிறது.

நுவி பிளான்ஷ் இரவு பற்றி ஏற்கனவே பலர் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. 2006இல் தொடங்கிய அந்த விடிய விடியக் கலை விழா 2018இல் முதன்முதலாக ஸ்காபரோவுக்கும் வந்தது. நள்ளிரவு தாண்டியும் சிவிக் சென்ரர் வாசலில் அம்மம்மாக்கள் பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கலை பார்க்க இனி நகர நடுவுக்குத்தான் போகவேண்டும் என்றில்லை என்று எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

ஸ்காபரோக்காரருக்கு இன்னொரு இடம் சொல்லவேண்டும். கிங்ஸ்ரன் வீதியிலிருந்து ஏரிக்கு இறங்கும் டோரிஸ் மக்கார்த்தி பாதை. அவர் ஓவியர். 1939இல் அந்தச் செங்குத்துக் கரைக்கு மேலே நிலம் வாங்கினார். உனக்கென்று ஒரு முட்டாளின் சொர்க்கம் என்று தாய் சொன்னதையே வீட்டுக்குப் பெயராக வைத்தார். 40 வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். 1989இல், 79 வயதில், ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் பட்டம் பெற்றார். 100 வயது வரை வாழ்ந்தார். பாதை முடிகிற இடத்தில் மீனின் முள்ளோ வள்ளத்தின் விலாவோ என்று தோன்றும் இரும்புச் சிற்பம் ஒன்று நிற்கிறது. ஒக்ரோபர் நடுவில் காலை ஒன்பது மணிக்கு முன்னம் போங்கோ. கீழே வரும்போது ஏரி முதலில் காதுக்குத்தான் வரும்.

மறுமொழி:

அக்கா, உங்க பதிவைப் படிச்சதும் எழுதணும்னு தோன்றியது. நான் சென்னை. டொரண்டோ வந்து நாலு வருஷம் ஆகிறது. முதல் அக்டோபரில் ஆபீஸ் நண்பர்கள் மூன்று பேரோடு ஹம்பர் ஆற்றுக்கு, ஓல்ட் மில் பக்கம், சால்மன் மீன் தாவுவதைப் படம் எடுக்கப் போனேன். நகரத்துக்குள்ளேயே, சப்வே ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில், கை நீளத்துக்கு மீன்கள் தடுப்பணையைத் தாண்டப் பாய்கின்றன. ஒரு மணி நேரத்தில் முந்நூறு படம் எடுத்தேன். எல்லாவற்றிலும் தண்ணீர்தான்.

பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர், "கேமராவைக் கீழே வை. பத்து தாவலை வெறும் கண்ணால் பார்" என்றார். பார்த்தோம். மீன்கள் இஷ்டத்துக்குத் தாவுவதில்லை. ஆழமான ஒரே குழியில் ஓய்வெடுத்து, அங்கிருந்துதான் எம்புகின்றன. அந்த இடத்துக்குக் குவியத்தைப் பூட்டி, ஷட்டரை ஆயிரத்தில் ஒரு நொடிக்கு வைத்துக் காத்திருக்கச் சொன்னார். நாற்பது நிமிஷத்தில் ஒரே படம். அதுதான் இப்போது எங்க வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

அப்புறம் அவர் சொன்னதுதான் மனசில் நின்றது. இந்த ஆறு போய்ச் சேருகிற ஒன்டாரியோ ஏரிக்கே சொந்தமான சால்மன், மில்களும் அணைகளும் வந்து, காடும் அழிந்து, 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இல்லாமலே போய்விட்டது. இப்போது தாவுகிற சினூக் வகை 1960களின் கடைசியில் பசிபிக் பக்கமிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. முட்டையிட்டதும் செத்துவிடும். "வேற ஊர்லேர்ந்து கொண்டுவந்து விட்டதுதான், ஆனாலும் எந்த ஆறுன்னு அதுக்குத் தெரியுது பாரு" என்று என் நண்பன் சொன்னான். அன்றைக்குத் திரும்பும்போது நாங்கள் நாலு பேரும் ரொம்ப நேரம் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

மறுமொழி:

எனக்கு 65 வயது. போனில்தான் படம் எடுப்பேன். எங்கள் கட்டடத்துக்கு முன்னால் ஒரு கிங்கோ மரம். மற்ற மரங்கள் ஒவ்வொன்றாய் உதிர்க்கும், இது நல்ல உறைபனி விழுந்த மறுநாள் காலையில் அத்தனை இலையையும் ஒன்றாகக் கொட்டிவிடும். போன நவம்பரில் காலை எட்டு மணிக்குப் பார்த்தால் நிலமெல்லாம் மஞ்சள். கூட்டுகிற பொடியன் மெஷினோடு வந்துவிட்டான். நான் கையைக் காட்டி, இரண்டாம் மாடிச் சிநேகிதி வரவேண்டும், பத்து நிமிடம் பொறு மகனே என்றேன். தமிழ் விளங்காத பிள்ளை. ஆனால் மெஷினை நிறுத்திவிட்டு நின்றான். அவள் தடியை ஊன்றிக்கொண்டு வந்து சேர இருபது நிமிடம் ஆயிற்று. எங்கள் இரண்டு பேரையும் மரத்துக்குக் கீழே நிற்பாட்டி அவனே படம் எடுத்துத் தந்தான். எங்கள் பாதத்தடி தவிர இலையில் ஒரு தடமும் இல்லாத படம்.

மறுமொழி:

அம்மா, அந்தப் படத்தை இங்கே போடுங்கோ. தம்பி, அந்தத் தடுப்பணைக்கு இந்த வருடம் நாங்கள் மூவரும் போகிறோம், பத்துத் தாவலையும் வெறும் கண்ணால் பார்ப்போம்.

போன சனிக்கிழமை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஈற்றன் சென்ரரில் ஒரு பொடியன், தோளில் பை, கையில் போன். படிக்க வந்து மூன்று கிழமைதானாம், ஊர் கிளிநொச்சி. தன்னைக் கடைகளின் வெளிச்சம் பின்னால் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னான். எடுத்துக் கொடுத்துவிட்டு, "தம்பி, ஒருக்கா மேலே பாரும்" என்றேன். என் லென்ஸுக்குள்ளால் காட்டினேன். அந்த அம்மா எனக்குச் சொன்னதை எல்லாம் அதே ஒழுங்கில் சொன்னேன், ரிபன் வரைக்கும்.

அவன் உடனே தாய்க்கு வீடியோ அழைப்பு எடுத்தான். இங்கே பகல் பன்னிரண்டு, அங்கே இரவு ஒன்பதரை. போனைக் கூரைப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அறுபதும் ஒரே ஆள்தான்" என்றான். அந்தப் பக்கத்தில் இருந்து குரல் வந்தது: "கொஞ்சம் கிட்டக் காட்டு ராசா, எனக்குச் செட்டை வடிவாத் தெரியேல்ல." நான் என் கமராவை அவன் கையில் கொடுத்தேன்.