புதுப்பிப்பு: பாசிப்பயறுக்குப் பின் கோதுமை, யூரியாவைக் குறைத்த கதை

பாசிப்பயறு எடுத்த வயலில் கோதுமை விதைக்கிறேன், யூரியாவைக் கால் பங்கு குறைக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். குறைத்தேன். அறுவடையும் முடிந்தது. முழு அளவு போட்ட பக்கத்துப் பாத்தியோடு ஒப்பிட்டால் விளைச்சலில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

ஒரு மூலையில் மட்டும் பயிர் வெளிறி நின்றது. அங்கே பயறுச் செடிகளை வேரோடு பிடுங்கி வெளியே போட்டிருந்தோம் (என் தப்புதான்). மற்ற இடங்களில் காய் பறித்ததும் தழையை மடக்கி உழுதிருந்தோம். பயறு சேர்த்த தழைச்சத்தில் (நைட்ரஜன்) நிறைய மணியோடு போய்விடும்; மிச்சம் தழையிலும் வேரிலும்தான். அதையும் பிடுங்கினால் கோதுமைக்கு என்ன இருக்கும்!

பயறின் வேர் முடிச்சை நறுக்கிப் பார்க்கச் சொன்னவருக்கு நன்றி. உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது, காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் ரைசோபியம் பாக்டீரியா வேலை செய்திருக்கிறது. அப்புறம், யூரியாவைக் குறைத்தது விதைக்கும்போது இடும் அடியுரத்தில் மட்டும். முதல் பாசனத்தோடு இடும் மேலுரத்தில் கை வைக்கவில்லை.