சோதனை வேளையில் ஜெபம்: நம் அனுபவங்கள்

தொடங்கியவர், பாளையங்கோட்டை

ஸ்தோத்திரம். ஜெபம் காப்பாற்றியது என்று சபையில் சாட்சி சொல்லும்போது விபத்து, வியாதி, செய்வினை இவைதான் அதிகம் வருகின்றன. மனதுக்குள் வரும் சோதனையிலிருந்து ஜெபம் எப்படிக் காத்தது என்று சொல்ல நமக்குக் கூச்சம். ஆனால் இயேசு கற்றுத்தந்த பரமண்டல ஜெபத்தில் சோதனையும் தீமையும் ஒரே வரியில்தான் வருகின்றன. நானே ஆரம்பிக்கிறேன்.

நான் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். பில் தாமதமாகிக் கிடந்த ஒப்பந்தக்காரர் ஒருவர், மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மேஜை இழுப்பறையில் ஒரு கவரைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த வாரம்தான் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். யாரும் பார்க்கவில்லை. அவருடைய பில்லில் குறை எதுவும் இல்லை, எப்படியும் பாஸ் ஆக வேண்டியதுதான். அப்படியிருக்க இதை எப்படி லஞ்சம் என்று சொல்வது என்று மனசு வக்கீல் மாதிரி வாதாடியது. அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்படுகிறான் என்று யாக்கோபு எழுதியதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். பிசாசு வெளியே எங்கும் நிற்கவில்லை.

உட்கார்ந்தபடியே பரமண்டல ஜெபம் சொன்னேன். "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்று வந்ததும் அதற்கு மேல் போகாமல் அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். ஆசை போகவில்லை, அதை உள்ளபடி சொல்லியாக வேண்டும். கட்டணக் கவலையும் போகவில்லை. ஆனால் எழுந்திருக்க முடிந்தது. கவரை எடுத்துக்கொண்டு போய் மேற்பார்வையாளர் முன்னால் வைத்து, அந்த ஒப்பந்தக்காரரை அங்கேயே வரவழைத்துத் திருப்பிக் கொடுத்தேன். சோதனையோடேகூடத் தப்பிக்கொள்ளும் போக்கையும் தேவன் உண்டாக்குவார் என்று 1 கொரிந்தியர் 10:13 சொல்கிறதே, எனக்கு அந்தப் போக்கு மேற்பார்வையாளர் அறைக் கதவாக இருந்தது. பணம் எங்கிருந்தும் அற்புதமாக வரவில்லை. அண்ணனிடம் கடன் வாங்கிக் கட்டினேன்.

நாகர்கோவில் சகோதரி, மஸ்கட்டில் செவிலியர்

அண்ணன் எழுதியதைப் படித்ததும் எனக்கும் எழுதத் தோன்றியது. 2020இல் கொரோனா வார்டில் இரவுப் பணி. எங்களில் பாதிப் பேர் கேரளா, தமிழ்நாட்டுப் பிள்ளைகள். உள்ளே போவதற்கு முன்னால் கவச உடை மாட்டும் அறையில் நின்று 91ஆம் சங்கீதம் சொல்லுவோம். இரவில் உண்டாகும் பயங்கரம், இருளில் நடமாடும் கொள்ளைநோய் என்று அதில் வருகிற ஒவ்வொரு வார்த்தையும் அந்த வார்டுக்காகவே எழுதியது போலிருக்கும். சொல்லி முடித்ததும் கை நடுக்கம் நின்றுவிடும்.

எங்களோடு சேர்ந்து அதே சங்கீதத்தைச் சொன்ன ஒரு அக்கா அந்த நோயிலேயே இறந்துபோனார். அவருடைய விசுவாசம் குறைவு என்று ஒருவர் என்னிடம் சொன்னார். இன்றைக்கும் எனக்கு அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அக்காவைவிடப் பெரிய விசுவாசியை நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் மத்தேயு 4ஆம் அதிகாரத்தை மறுபடி வாசித்தேன். தேவாலயத்து உப்பரிகையின்மேல் இயேசுவை நிறுத்தி, தாழக் குதியும், தூதர்கள் உம்மை ஏந்திக்கொள்வார்கள் என்று பிசாசு சொல்கிறானே, அவன் காட்டுவது இதே 91ஆம் சங்கீதத்தைத்தான், 11, 12ஆம் வசனங்கள். இயேசு அந்த வசனத்தை மறுக்கவில்லை. உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்று உபாகமத்திலிருந்து பதில் சொன்னார். சங்கீதம் தெரியும் என்று முகக்கவசம் இல்லாமல் வார்டுக்குள் போவது அந்த உப்பரிகையிலிருந்து குதிப்பதுதான். நான் ஒருநாளும் அப்படிப் போகவில்லை. கையுறையை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் ஆமென் சொல்லுவேன். அந்தச் சங்கீதம் என் பயத்தை அடக்கியது, நோயாளிகளை விட்டு ஓடாமல் நிற்க வைத்தது. அக்காவும் கடைசி நாள் வரை ஓடவில்லை.

உவரிப் பக்கம் கடற்கரைக் கிராமம்

நாங்கள் கத்தோலிக்கர், இங்கே எழுதலாம்தானே? பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்கு அவள் அப்பா கடலில் இறந்துபோனதிலிருந்து தூக்கம் இல்லை. சாயங்காலமானால் குரல் மாறிப் பேசுவாள், தலையை விரித்துக்கொண்டு ஆடுவாள். பேய் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. பேய் பிடித்தவர்களைக் கூட்டிப்போகும் உவரி அந்தோணியார் கோயிலுக்குக் கூட்டிப்போகக் கிளம்பினோம். எங்கள் பங்குத்தந்தை தடுக்கவில்லை, ஆனால் முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள், கூடவே செபமும் நடக்கட்டும் என்றார். பேயோட்டும் சடங்கை ஆயரின் (பிஷப்பின்) அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் செய்யக் கூடாது என்று திருச்சபைச் சட்டமே இருப்பதையும் அவர்தான் சொன்னார். 1172ஆம் விதி.

மாத்திரை ஆரம்பித்தார்கள். என் அம்மா தினமும் இரவு அவள் தலைமாட்டில் உட்கார்ந்து அந்தோணியாரின் சிலுவைச் செபத்தைச் சொல்லுவார். ஆண்டவருடைய சிலுவை இதோ, பகைவர்களே ஓடிப்போங்கள், யூதா குலத்துச் சிங்கம் வென்றுவிட்டது என்று வரும் சின்னச் செபம். அந்த வார்த்தைகளைத்தான் 1586இல் பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸ் ரோமில் புனித பேதுரு சதுக்கத்துக் கல்தூணில் பொறிக்க வைத்தார். அதே வார்த்தைகளை எங்கள் மணல்தெருவில், ஓலைப் பாயில் படுத்திருக்கும் பிள்ளைக்காக அம்மா சொல்கிறார் என்று நினைத்தால் எனக்குச் சிலிர்த்துவிடும்.

செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள் செபத்துக்கு இப்போது அவளே நடந்து வருகிறாள். மாத்திரையா செபமா என்று கேட்கிறவர்களுக்கு, இரண்டையும் கொடுத்தவர் ஒருவர்தான் என்பார் அம்மா. அவளைக் கட்டிவைக்கவோ அடிக்கவோ நாங்கள் யாரையும் விடவில்லை. அதையும் செபத்தின் பலன் என்றே எண்ணுகிறேன்.

தரங்கம்பாடி, கல்லூரி மாணவன்

என்னுடையது சின்ன விஷயம். விடுதியில் இரவு விளக்கை அணைத்த பிறகு போனோடு படுப்பதுதான் எனக்குச் சோதனை நேரம். எதைச் சொல்கிறேன் என்று புரியும். நாங்கள் லுத்தரன் சபை. 1706இல் எங்கள் ஊரில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் தமிழில் கொண்டுவந்த, லுத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாடநூலில் மாலை ஜெபம் ஒன்று உண்டு. உமது தூதன் என்னோடு இருக்கட்டும், பொல்லாத சத்துருவுக்கு என்மேல் அதிகாரம் இல்லாதிருக்கட்டும் என்று முடியும். அதற்குக் கீழே லுத்தர் ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறார்: பிறகு உடனே சந்தோஷமாகத் தூங்கு. அந்த "உடனே"தான் எனக்கு உதவியது. ஜெபத்துக்கு முன்னாலேயே போனை நண்பனுடைய அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவேன், சாவி அவனிடம். ஜெபம் முடிந்ததும் விழித்திருக்க எனக்கு எந்தக் காரணமும் மிஞ்சாது.

தூத்துக்குடி சகோதரர்

எல்லாவற்றையும் வாசித்தேன். நான் குடியை விட்டவன். வருகிற ஞாயிறு சாயங்காலம் கோவில்பட்டியில் நெருங்கிய நண்பன் வீட்டுக் கல்யாண வரவேற்பு. போகாமல் இருக்க முடியாது. மொட்டைமாடியில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து அன்றைக்கு ஆறு மணியிலிருந்து எனக்காக ஜெபியுங்கள்.

தொடங்கியவர், பாளையங்கோட்டை

கண்டிப்பாக ஜெபிக்கிறோம் தம்பி. ஆனால் சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே தனியாகப் போகவில்லை, மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய், என்னோடேகூட விழித்திருங்கள் என்று கேட்டார். கோவில்பட்டியில் என் மச்சான் வீடு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன். மண்டபத்தின் பெயரைத் தனியாக அனுப்புங்கள். பந்தியில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எட்டரை மணி பஸ்ஸில் உங்களை ஏற்றிவிடுகிறேன்.