ஜார்க்கண்ட் குடும்பங்களின் கரம் திருவிழாவை எங்கள் லயத்தில் நடத்தலாமா?

சேரம்பாடிக்காரன்:
நீலகிரியின் பந்தலூர் வட்டத்தில், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பத்தில் பிறந்தவன் நான். 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா ஏற்றுக்கொள்வதாக இருந்த 5,25,000 பேரில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968-இல் அரசு தேயிலைத் தோட்டம் இந்த மலையில் தொடங்கப்பட்டது. எங்கள் லயத்துச் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) சங்கத் தலைவர் அவ்வாறு சிறுவனாகத் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக இங்கே வந்து சேர்ந்தவர். ஒரு ரூபாய்கூடப் பெற்றுக்கொள்ளாமல், மலையாளிகளையும் பணியர் பழங்குடிக் குடும்பங்களையும் எங்களோடு ஒரே திடலில் பொங்கல் வைக்கச் செய்தவர் அவர்தான்.

எங்கள் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டதால் பூட்டிக் கிடந்த வீடுகளில் இப்போது ஜார்க்கண்ட் குடும்பங்கள் குடியிருக்கின்றன. மரக்கிளையை நட்டு வணங்கும் அவர்களுடைய கரம் திருவிழாவை மாரியம்மன் கோவில் திடலில் நடத்த வேண்டும் என்று தலைவர் விரும்புகிறார். நம் சாதிச் சான்றிதழும் வீட்டுப் பட்டாவுமே இழுபறியில் இருக்கும்போது இது எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். இதை எப்படிக் கொண்டு செல்வது?

கோத்தகிரி ஆசிரியை:
தயங்காமல் நடத்துங்கள். கரம் என்றால் என்னவென்று இளைஞர்களுக்கு விளக்கினாலே பாதி எதிர்ப்பு அடங்கிவிடும். திருவிழாவுக்குச் சில நாட்கள் முன்பே கன்னிப்பெண்கள் கூடையில் ஆற்றுமணலைப் பரப்பி, பார்லி முதலான தானியங்களை விதைத்து, மஞ்சள்நீர் தெளித்து, மாலைதோறும் சுற்றி நின்று பாடி வளர்ப்பார்கள். உங்கள் லயத்துப் பெண்கள் முளைப்பாரி வளர்ப்பதும் ஏறக்குறைய இதே முறையில்தானே? அந்தக் கூடையைப் பார்க்கும் பாட்டிமார்களுக்கு விளக்கமே தேவைப்படாது.

இரண்டு விஷயங்களைக் கவனிக்கவும். திருவிழா பாத்ரபத மாதத்து (ஆகஸ்ட்–செப்டம்பர்) வளர்பிறை ஏகாதசியில் வருகிறது. உங்கள் பக்கம் அப்போது மழை விட்டிருக்காது என்பதால், திடலை நம்பாமல் கூரையுள்ள இடத்தையும் பார்த்து வையுங்கள். நடுவில் நட்டு வணங்குவது கடம்ப இனத்து மரத்தின் கிளை என்பதால், வனத்துறை நிலத்தில் யாரும் ஒடித்துவிடாதபடி முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். வழக்கு விழுந்தால் அது அந்தப் புதியவர்கள் தலையில்தான் விழும்.

தேவாலா மனு எழுதுபவர்:
ஆசிரியை சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் ஆட்டமும் சாப்பாடும் முடிந்த மறுநாள் என்ன நடக்கிறது என்பதே எனக்கு முக்கியம். ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபரிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. தகுதியுள்ள ஜார்க்கண்ட் அட்டையைக் கொண்டு இங்கேயே தானியம் வாங்கலாம் என்பதை, என்னிடம் வருபவர்களில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. விரல் ரேகை பதியவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டால், எதிர்த்துக் கேட்க அவர்களுக்குத் தமிழும் வராது. உங்கள் தலைவர் ஒருமுறை கூடவே போய் நின்றால், அது பத்து மேடைகளுக்குச் சமம்.

இன்னொன்று: பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும் நமக்கெல்லாம் முன்பே இங்கே இருந்தவர்கள். பல நிகழ்ச்சிகளில் அவர்களை ஆடுவதற்கு மட்டும் அழைக்கிறோம். திட்டமிடும் கூட்டத்துக்கு அழைப்பதில்லை. இந்த முறையாவது மாற்றுங்கள்.

சேரம்பாடிக்காரன்:
இருவருக்கும் நன்றி. பெரட்டு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது) முடிந்ததும் இவற்றைத் தலைவரிடம் வாசித்துக் காட்டினேன். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் சிறு நோட்டில் ரேஷன் விவரத்தைக் குறித்துக்கொண்டு, "சான்றிதழ் மனுவையும் இவர்கள் அட்டையையும் ஒரே நாளில் எடுத்துக்கொண்டு போவோம்; நம் பையன்களும் வரட்டும்" என்றார். எதிர்த்தவர்களில் மூவர் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். விழாவைத் திடலில் வைப்பதா, சமுதாயக் கூடத்தில் வைப்பதா என்பதை ஜார்க்கண்ட் பெண்களும் பணியர் பெரியவர்களும் சேர்ந்து முடிவு செய்ய, வரும் ஞாயிறு கூட்டம் வைத்திருக்கிறோம். சாத்ரி மொழி பேசத் தெரிந்தவர் யாரேனும் கூடலூர்ப் பக்கம் இருந்தால் இங்கே தெரிவிக்கவும்.