மறு: தார், கான்கிரீட்டால் மண் மூடப்படுவதற்குக் கலைச்சொல்: ‘மண்ணடைப்பு’

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

‘சாயில் சீலிங்’ என்பதற்கு ‘மண் மூடல்’ போதும் என்று நண்பர் எழுதியிருந்தார். எளிய சொல்தான். ஆனால் நம் உழவர்களிடம் ‘மூடாக்கு’ ஏற்கெனவே புழங்குகிறது. வைக்கோலும் சருகும் பரப்பி ஈரம் காப்பது மூடாக்கு; அது மண்ணை வாழவைக்கும். தாரும் கான்கிரீட்டும் கொட்டி நீரையும் காற்றையும் மறித்தால் மண் செத்துவிடும். இவ்விரண்டையும் ஒரே வினையில் ஏற்றுவதை என் மனம் ஒப்பவில்லை. ‘மண் இறுக்கம்’ என்பதும் ஆகாது. கனமான இயந்திரங்கள் ஏறி மண் கெட்டிப்படுவதற்கு அது உரியது.

‘மண்ணடைப்பு’ என்பது என் பரிந்துரை. ‘மண் வந்து அடைத்துக்கொண்டது’ என்று பொருள்படாதா என்று கேட்கலாம். மூக்கடைப்பில் அடைபடுவது மூக்குதானே?

இந்தச் சொல் கிளைக்கிறதா என்றும் பார்த்தேன். ஜெர்மனியின் பல நகரங்களில் வீட்டு உரிமையாளர் மழைநீர் வடிகாலுக்குத் தனிக் கட்டணம் செலுத்துகிறார். கூரையும் தளமுமாக எத்தனை சதுர மீட்டரிலிருந்து மழைநீர் வடிகாலுக்குப் போகிறது என்பதே கணக்கு. வாசல் கான்கிரீட்டைப் பெயர்த்துவிட்டு, இடையில் புல் முளைக்கும் துளைக்கற்களைப் பதித்தால் கட்டணம் குறையும். இதைத் தமிழில் எழுத ‘அடைபட்ட பரப்பு’, ‘அடைப்பு விகிதம்’, ‘அடைப்பு நீக்கம்’ மூன்றும் வேண்டும். மூன்றும் இயல்பாகவே கிடைக்கின்றன. நெதர்லாந்தில் தோட்டத்து ஓடுகளைப் பெயர்த்துச் செடி வைக்க ஊர்களுக்கிடையே ஆண்டுதோறும் போட்டியே நடக்கிறது. அதையும் ‘அடைப்பு நீக்கப் போட்டி’ என்று தயங்காமல் எழுதலாம்.

இப்போது ஏன் அவசரம் என்றால், ஐரோப்பிய ஒன்றியத்தின் மண் கண்காணிப்புச் சட்டம் 2025இல் நிறைவேறிவிட்டது. காற்றுக்கும் நீருக்கும் என்றோ சட்டம் வந்துவிட்டது. மண்தான் காத்துக் கிடந்தது. 2006இல் முன்வைத்த வரைவை ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் உள்ளிட்ட சில நாடுகள் தடுத்து நிறுத்தின. 2014இல் அது திரும்பப் பெறப்பட்டது. ஒரு சென்டிமீட்டர் மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகும் என்பது தெரிந்தும் இத்தனை ஆண்டுகளை வீணாக்கியது எனக்குப் பொறுக்கவில்லை. புதிய சட்டமும் மண்ணைக் கண்காணிக்குமாறு நாடுகளுக்குச் சொல்கிறதே தவிர, கட்டாய இலக்கு எதையும் விதிக்கவில்லை.

இன்னொரு சொல் பாக்கி இருக்கிறது: ‘லேண்ட் டேக்’. ‘நிலக் கையகப்படுத்தல்’ என்று எழுதினால் அரசு நிலம் எடுப்பதாகிவிடும். இங்கே பொருள் வேறு: வயலும் காடும் குடியிருப்பாக, சாலையாக மாறுவது. ஜெர்மனி இதை நாளுக்கு 30 ஹெக்டேருக்குள் அடக்க 2020ஐக் கெடுவாக வைத்துத் தவறவிட்டு, 2030க்குத் தள்ளிவைத்தது. பிரான்ஸ் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில், 2050க்குள் நிகர அளவில் சுழியமாக்க உறுதிபூண்டது. இப்படி மாறிய நிலம் முழுவதும் அடைபடுவதில்லை. பூங்காவும் வீட்டுத் தோட்டமும் அதில் சேரும். ஆகவே இதற்குத் தனிச்சொல் தேவை. ஜெர்மானியரும் இத்தாலியரும் ‘நுகர்வு’ என்ற பொருளிலேயே சொல்கிறார்கள். ‘நில நுகர்வு’ என்று வைக்கலாமா? நில அளவைத் துறையில் பணியாற்றியவர்கள் சொல்லுங்கள்.