"கடன் யாருக்கெல்லாம் தரணுமுங்க?": பாப்டிஸ்ட் ஐயாவோடு பழகியவர்கள் எழுதுங்கள்

ராசிபுரத்துக்காரன்:

எங்கள் பக்கம் பாப்டிஸ்ட் ஐயா என்றால் தெரியாதவர்கள் குறைவு. பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையின் போதகர். பெயர் போடவில்லை, அவருக்குப் பிடிக்காது. வெள்ளை வேட்டி, பழைய மொபெட், முன்னால் ரெக்சின் பையில் கைப்பிரதிகள். ராசிபுரம், சேந்தமங்கலம், நாமக்கல் என்று சந்தை கூடும் இடமெல்லாம் பார்த்திருப்பீர்கள். பழகியவர்கள் சொல்லுங்கள். முதலில் நான்.

அப்பா தறி ஓட்டினார். குடியை விட்ட கையோடு ஞானஸ்நானம் எடுக்கணும் என்று ஐயா வீட்டு வாசலில் போய் நின்றார். வேறு ஊழியக்காரர் யாராவது என்றால் ஸ்தோத்திரம் சொல்லி அடுத்த ஞாயிறே தண்ணீரில் இறக்கியிருப்பார். இவர் கேட்டது, "கடன் யாருக்கெல்லாம் தரணுமுங்க?"

அப்பாவுக்கு முகம் சுண்டிப்போனது. ஐயா உள்ளே போய் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். ஞாபகம் இருக்கிற வரைக்கும் எழுதிக்கொண்டு வாங்க என்றார். நூல் கடை பாக்கி, எடுத்துவிட்டுக் கட்டாமல் விட்ட சீட்டு, மளிகைக் கடை என்று இரண்டு பக்கம் நிரம்பியது. கடைசி வரியில், அத்தையிடம் வாங்கி அடகு வைத்து மூழ்கிப்போன தோடு. மற்றதெல்லாம் பணம், கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கலாம். தோடுதான் அப்பாவை உறுத்தியது. அத்தையோ அந்தத் தோட்டுக்காக எங்களோடு பேச்சையே விட்டிருந்தார்.

ஐயா கூடவே வந்தார். அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்தார், அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவே சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். அத்தை மதம் மாத்த வந்திருக்கிறார்கள் என்று நினைத்து முகமே கொடுக்கவில்லை. அப்பா தோடு என்று ஆரம்பித்ததும் உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து கேட்டார்: "எப்பத் தருவே?"

கடனெல்லாம் அடைகிற வரைக்கும் முழுக்கு தள்ளிக்கொண்டே போனது. அப்பா ஒரு நாள் பொறுக்காமல் சண்டைக்கே போய்விட்டார். "ஊரான் காசு மடியில இருக்கறப்ப முழுகினா துணிதான் நனையுமுங்க" என்றார் ஐயா.

கடைசியில் மோகனூர் பக்கம் காவிரியில், இடுப்பளவு தண்ணீரில் நடந்தது. அப்பா கனத்த உடம்பு, ஐயா ஒல்லி. எப்படித் தூக்குவாரோ என்று எனக்குப் பயம். "முழங்காலை மட்டும் மடக்குங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, கைக்குட்டையால் மூக்கைப் பொத்தி, முதுகுக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்து மல்லாக்கச் சாய்த்தார். உடம்பு முழுசாக உள்ளே போய் வெளியே வந்தது. அன்றைக்கு அத்தையும் கரையில் நின்றார், புதுத் தோட்டோடு. அவர் இன்றுவரை மாரியம்மனைத்தான் கும்பிடுகிறார், அது வேறு விஷயம்.

தோட்டத்துக்காரர், புதுச்சத்திரம் பக்கம்:

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆனால் அவர் சபைக்காரர்கள் பல பேர் முழுகியது எங்கள் கிணற்றில்தான்! கமலை ஓட்டிய காலத்துக் கிணறு, அடிவரைக்கும் படி உண்டு. ஐயா வந்து கேட்டபோது எங்கள் அப்பாரு சொன்னார்: "முழுகிக்கங்க சாமி, சோப்பு மட்டும் போடாதீங்க." பெண்கள் சேலைக் கரையில் வரிசையாக ஊக்குக் குத்திக்கொண்டு இறங்குவார்கள், தண்ணீரில் சேலை மிதந்து மேலே வராமல் இருக்க.

அப்பாருவுக்கு ஒரு சந்தேகம். "நாங்க ஆடிப் பதினெட்டுக்கு வருசா வருசம் காவேரில முழுகறோம், உங்களுக்கு ஒருவாட்டி போதுமா?" ஐயா சிரித்தார். "நல்லா முழுகினா போதுமுங்க" என்றார். எங்கள் வீட்டில் அவர் மதம் பேசியது அவ்வளவுதான், அதுவும் கேட்டதால். மற்றபடி மரவள்ளி விலை, மழை, மாட்டுக்கு வந்த கோமாரி.

சுற்றிலும் போர் போட்டதில் அந்தக் கிணறு வற்றிவிட்டது. இப்போது சபைக்குள்ளேயே தொட்டி கட்டிவிட்டார்கள்.

ஈரோடு அக்கா:

எல்லோரும் புகழ்கிறீர்கள், நான் வேறு மாதிரிச் சொல்கிறேன். எங்கள் குடும்பம் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. கோவைக்கு 1830-ல் ஆடிஸ் ஐயர் என்ற வெள்ளைக்கார மிஷனரி வந்த நாளிலிருந்து இந்தப் பக்கம் லண்டன் மிஷன்தான், அது 1947-ல் சி.எஸ்.ஐ. ஆனது. எனக்குக் கைக்குழந்தையில் ஞானஸ்நானம், வளர்ந்த பிறகு அதை உறுதிசெய்யும் திடப்படுத்தல், எல்லாம் முறைப்படி ஈரோட்டில். கல்யாணமாகி நாமக்கல் வந்து, மாமியாரோடு ஐயா சபைக்குப் போனேன். அன்றைக்குத் திருவிருந்து ஞாயிறு, அப்பமும் ரசமும் பகிர்ந்துகொள்ளும் நாள். அப்பத்தட்டு என் பக்கம் வந்தது. என்னைத் தாண்டிப் போனது.

வளர்ந்து, விசுவாசித்து முழுக்கு எடுத்தவர்களுக்கு மட்டும்தான் பந்தியாம், கைக்குழந்தையில் எடுத்தது கணக்கில்லையாம். அவர்கள் மிஷனின் பழைய கட்டளை அது என்று ஐயா பிறகு விளக்கினார். பக்கத்து வரிசைப் பிள்ளைகளோடு நானும் வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்கூட்டியே வீட்டில் வந்து சொல்லியிருக்கலாமே? கடன்காரர் வீட்டுக்கெல்லாம் கூடப் போகிற மனுஷனுக்கு, புது மருமகள் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

வேன் ஓட்டுநர், காளப்பநாயக்கன்பட்டி:

அவர் சபை வாலிபர்களைக் கொல்லிமலைக்கு ஏற்றிப் போயிருக்கிறேன். எழுபது கொண்டை ஊசி வளைவு, ஐயா எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வருவார். போகிற இடம் அருவி இல்லை. வாழவந்தி என்ற மலை ஊர். அங்கே இரண்டு வெள்ளைக்காரக் கல்லறைகள் உண்டு. ஜெஸ்ஸி பிராண்ட், அவர் மனைவி ஈவ்லின். பாப்டிஸ்ட் மிஷன்காரர்கள், 1913-ல் மலையில் குடியேறியவர்கள். ரோடு இல்லாத காலம், நடை, இல்லாவிட்டால் டோலி.

ஐயா அங்கே பிரசங்கம் பண்ண மாட்டார், கதைதான் சொல்வார். நரம்புச் சிலந்தி என்ற புழு நோய் வந்தவர்களின் காலிலிருந்து பிராண்ட் துரை புழுவை எப்படி எடுப்பார் என்று, ஒரு குச்சியை ஒடித்துக் கையால் சுற்றிக் காட்டுவார். ஒரே இழுப்பாக இழுத்தால் அறுந்து சீழ் வைத்துவிடும், அதனால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றவேண்டும். துரை தச்சு வேலை சொல்லிக்கொடுத்தார், பள்ளிக்கூடம் வைத்தார். சில வருஷம் வரைக்கும் ஒருத்தர்கூட சபையில் சேரவில்லை. ஜனங்களை அவரிடம் போகவிடாமல் தடுத்தவர் ஒரு பூசாரி. 1918-ல் உலகமெல்லாம் பரவிய விஷக் காய்ச்சல் மலைக்கும் வந்தது. துரை வீடு வீடாக மருந்தும் கஞ்சியும் கொண்டு போனார். சாகக் கிடந்த அந்தப் பூசாரி தன் கைக்குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார்.

துரை 1929-ல் மலைக் காய்ச்சலில் போனார். அந்தம்மா திரும்பி வந்து, மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மலையை விடாமல் இருந்து, 1974-ல் 95 வயதில் இறந்தார். மலையில் வளர்ந்த அவர்கள் மகன் பால் பிராண்ட்தான், பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்திய டாக்டர்.

கேட்டுக்கொண்டிருந்த ஒரு பையன், எத்தனை பேரை மாற்றினார் என்றான். ஐயாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "கணக்குப் புஸ்தகமா படிக்கறே?" என்று கேட்டுவிட்டு வேனில் ஏறிவிட்டார்.

ராசிபுரத்துக்காரன்:

ஈரோடு அக்கா, நீங்கள் சொன்னது எங்கள் வீட்டிலும் நடந்தது. தங்கை கல்யாணம் செய்துகொண்டது உங்களைப் போல சி.எஸ்.ஐ. பையன். மாப்பிள்ளைக்கும் பந்தி இல்லை, அன்றோடு சபைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். அப்பா ஐயாவை எதிர்த்து வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன். "உங்க வருத்தம் நாயந்தான் தம்பி, ஆனா மாத்த எனக்கு அதிகாரம் இல்லை" என்றார். அவருக்குப் பின் வந்த போதகரும் அதையேதான் சொல்கிறார். வருகிற சபைப் பொதுக்கூட்டத்தில் அந்தக் கட்டளையை மாற்றச் சொல்லி நாங்கள் சில பேர் எழுதிக் கொடுக்கப்போகிறோம்.