மறு: லோக்கல்ஹோஸ்ட் – ‘உள்ளூர்ப் புரவலன்’ சரியா?

அனைவருக்கும் வணக்கம்.

> லோக்கல் என்றால் உள்ளூர், ஹோஸ்ட் என்றால் புரவலன். ‘உள்ளூர்ப் புரவலன்’ என்றே வைத்துவிடலாம்.

லோக்கல்ஹோஸ்ட் என்ற கணினிச் சொல்லுக்குத் தமிழாக மேலே வந்த இந்தப் பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. சென்ற வாரம் நடந்ததைச் சொன்னால் காரணம் விளங்கும்.

புதுக் கணினியில் உபுண்டு இயங்குதளத்தை நிறுவி, வலைப்பக்கங்களை அனுப்பும் மென்பொருளான அப்பாச்சி வலை வழங்கியையும் ஏற்றினேன். உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் என்று தட்டியதும் அப்பாச்சியின் தொடக்கப் பக்கம் வந்தது. அன்று மாலை, கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகளும் தன் மடிக்கணினியில் இதே வேலையை முடித்துவிட்டு, “சித்தப்பா, என் முதல் வலைப்பக்கம், திறந்து பாருங்கள்” என்று முகவரி அனுப்பினாள். திறந்தேன். காலையில் பார்த்த அதே அப்பாச்சி பக்கம்தான் வந்தது. அவள் அனுப்பிய முகவரியும் லோக்கல்ஹோஸ்ட். அவளிடம் இருந்தவரை அந்தச் சொல் அவளுடைய கணினியைக் குறித்தது; என்னிடம் வந்ததும் என்னுடையதைக் குறித்துவிட்டது.

‘நான்’ என்ற சொல்லும் இப்படித்தானே! யார் வாயிலிருந்து வருகிறதோ அவரையே குறிக்கிறது. லோக்கல்ஹோஸ்ட் என்பது கணினி தன்னைத்தானே சுட்டிக்கொள்ளும் பெயர். அதில் ஊரும் இல்லை, உள்ளூரும் இல்லை.

இயங்கும் முறையும் இதற்கு ஒத்தே இருக்கிறது. லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயருக்குரிய 127.0.0.1 என்ற முகவரிக்கு அனுப்பும் தரவு வெளியே எங்கும் போவதில்லை, இயங்குதளத்துக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. வைஃபையை அணைத்துவிட்டாலும் பக்கம் திறக்கும். 127இல் தொடங்கும் 1,67,77,216 முகவரிகளும் இந்த ஒரு வேலைக்கென்றே ஒதுக்கப்பட்டவை.

‘உள்ளூர்’ என்ற சொல் தவறான பொருளையும் தருகிறது. ‘மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் உள்ளூரில் மட்டும் கேட்கும்’ என்று படிக்கும் மாணவர், ஆய்வகத்தின் மற்றக் கணினிகளிலிருந்தும் அதை அணுகலாம் என்றுதானே நினைப்பார்? உண்மையில் அது அந்த ஒரு கணினிக்கு மட்டுமே காது கொடுக்கிறது. அப்பாச்சி அப்படியன்று, அமைப்பை மாற்றாமல் விட்டால் அதே வைஃபையில் இருப்பவர்களும் கணினிக்கு அந்த வைஃபை தரும், பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் முகவரி வழியாக உள்ளே வர முடியும். பாதுகாப்பைத் தீர்மானிக்கும் வேறுபாடு இது. இதை மறைக்கும் கலைச்சொல் நமக்கு வேண்டாம்.

புரவலன் அதைவிடப் பொருந்தாது. பாணர்களும் புலவர்களும் நாடிப் போனவன் புரவலன். வந்தவர்க்கு வழங்குவதே அவன் இயல்பு. வலையமைப்பில் ஹோஸ்ட் என்பதோ இணைந்திருக்கும் எந்தக் கணினியையும் குறிக்கும், அது எவருக்கும் எதையும் வழங்காவிட்டாலும்.

> அப்படியானால் ‘இக்கணினி’ போதாதா?

இந்தச் சொல் எனக்கும் பிடித்திருந்தது. இரண்டு நாள் அதையே எழுதிப் பார்த்தேன். தொலைவிலுள்ள வழங்கிக் கணினிக்குள், வலைவழியே அதை இயக்க உதவும் எஸ்எஸ்எச் மூலம் நுழைந்தபோது இடறியது. அங்கே லோக்கல்ஹோஸ்ட் என்று தட்டினால், அது குறிப்பது என் மேசைமேல் இருக்கும் இந்தக் கணினியை அன்று, அந்த வழங்கியை. ‘இ’ என்ற சுட்டு, படிப்பவருக்கு அருகில் இருப்பதைக் காட்டுகிறது. நமக்கு வேண்டியது கட்டளையை இயக்கும் கணினியோடு ஒட்டிக்கொள்ளும் சொல்.

ஆகவே ‘தன்கணினி’ என்று முன்மொழிகிறேன். ‘தன்’ பொதுவாக எழுவாயைத் தேடிப் போய்ச் சேரும். தன் என்பதன் ஈறு வல்லினத்தின் முன் மாறாமலும் நிற்கலாம், றகரமாகவும் திரியலாம் (உறழும்) என்பது நன்னூல் விதியாதலால் ‘தற்கணினி’ என்பதும் பிழையன்று. ஆனால் காதுக்கு அது தற்காலத்தை நினைவூட்டுகிறது. தனிக்கணினியோடு (பர்சனல் கம்ப்யூட்டர்) குழம்பும் என்று சிலர் அஞ்சலாம். இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும் இடம் அரிது என்பதால் எனக்கு அது பெரிய தடையாகத் தோன்றவில்லை.

உலாவியில் தட்டும் பெயரை நாம் மாற்றப் போவதில்லை. விளக்கங்களில் இப்படி எழுதலாம்: ‘தரவுத்தளம் தன்கணினியிலிருந்து வரும் இணைப்புகளை மட்டும் ஏற்கும்.’ அண்ணன் மகளிடம் இந்த வரியைப் படித்துக் காட்டினேன். “அதனால்தான் உங்களுக்கு என் பக்கம் வரவில்லையா?” என்று உடனே கேட்டாள்.

அனுப்பிய தரவு இப்படி அதே கணினிக்குத் திரும்புவதைக் குறிக்கும் லூப்பேக் என்பதற்கு இன்னும் நல்ல சொல் அகப்படவில்லை. ‘மீள்சுற்று’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ‘சுற்று’ மின்சுற்றோடு மோதுவது உறுத்துகிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.