இஸ்தான்புல்லில் ஒரு வெள்ளிக்கிழமைப் பகல்: ஹாகியா சோபியாவுக்கு நான் வாங்கிய சீட்டு சரியானதுதானா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனியில் என்னுடன் ஏறத்தாழ மூன்று மாதங்கள் தங்கியிருந்த அம்மாவை நவம்பர் நடுவில் ஊருக்கு அழைத்துச் செல்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை 8.30 மணிக்கு இஸ்தான்புல்லில் இறங்கி, அன்றிரவு 8.15 மணிக்கு மும்பை விமானத்தில் ஏற வேண்டும். அம்மா 31 ஆண்டுகள் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். 1453ஆம் ஆண்டு துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைக் கைப்பற்றினர் என்ற வரியை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிய கை அது. அந்தக் கான்ஸ்டாண்டிநோபிள்தான் இன்றைய இஸ்தான்புல். அந்த ஊரில் ஒரு பகல் முழுவதும் இருந்துவிட்டு, ஹாகியா சோபியாவைப் பார்க்காமல் விமான நிலைய நாற்காலியில் தூங்கி எழுந்து வருவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. வேறெந்த இடத்தையும் சேர்க்கும் எண்ணம் இல்லை.

இதில் மூன்று சந்தேகங்கள் இருக்கின்றன. ஒரு மறுவிற்பனைத் தளத்தில் தலைக்கு 25 யூரோ கொடுத்து இரண்டு சீட்டுகள் வாங்கினேன். விளம்பரப் படத்தில் அந்தப் பெரிய குவிமாடம்தான் இருந்தது. ஆனால் வந்து சேர்ந்த சீட்டில் "வரலாறு மற்றும் அனுபவ அருங்காட்சியகம்" என்று அச்சிட்டிருக்கிறது. அது பள்ளிவாசல், நுழைவு இலவசம் என்று சிலரும், அது அருங்காட்சியகம் என்று பழைய பயண நூல்களும் சொல்வதால் எதை நம்புவதென்று தெரியவில்லை. அடுத்தது, வெள்ளிக்கிழமையில் உள்ளே விடுவார்களா? மூன்றாவது, அம்மாவுக்கு வலது முழங்காலில் தேய்மானம். சமதளத்தில் அரை மணி நேரம் நடப்பார். பத்துப் படிகளுக்கு மேல் ஏறினால் உட்கார வேண்டும்.

மறுமொழி 1

உங்கள் சீட்டு போலியானது அன்று; ஆனால் நீங்கள் நினைக்கும் கட்டடத்துக்கு உரியதும் அன்று. ஹாகியா சோபியா வரலாறு மற்றும் அனுபவ அருங்காட்சியகம் என்பது 2023இல் திறக்கப்பட்ட தனி நிறுவனம். சுல்தானஹ்மத் சதுக்கத்தில், முன்பு நிலப்பதிவு அலுவலகமாக இருந்த பழைய கட்டடத்தில் அது இயங்குகிறது. காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு, இருட்டறைகளில் சுவர் முழுவதும் ஓடும் காட்சிகளின் வழியே அந்தக் கோயிலின், பள்ளிவாசலின் கதையைக் கேட்டபடி நடக்கும் ஏற்பாடு அது. அந்தச் சீட்டைக் காட்டினால் உண்மையான ஹாகியா சோபியாவின் வாசலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

குழப்பத்துக்குக் காரணம் கட்டடத்தின் வரலாறே. ஜஸ்டினியன் பேரரசர் 532இல் தொடங்கி 537இல் முடித்த தேவாலயம், 1453இல் பள்ளிவாசலானது. 1934இல் துருக்கி அமைச்சரவை எடுத்த முடிவின்படி 1935இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 2020 ஜூலை 10ஆம் நாள் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் பழைய முடிவைச் செல்லாது என்று அறிவித்தது. அதே மாதம் 24ஆம் நாள் மீண்டும் ஜும்ஆ எனப்படும் வெள்ளிக்கிழமை நண்பகல் கூட்டுத் தொழுகை நடந்தது. எனவே 2020க்கு முந்தைய நூல்கள் அருங்காட்சியகம் என்று சொல்வதும், அதற்குப் பின் சில ஆண்டுகள் போய்வந்தவர்கள் இலவசம் என்று சொல்வதும், அவரவர் காலத்துக்குச் சரியே. 2024 ஜனவரி 15 முதல் சுற்றுலா வருவோர் 25 யூரோ கட்டணம் செலுத்தி மேல்மாடத்துக்கு மட்டும் போகலாம், தரைத்தளம் தொழுகைக்கு. இரண்டுக்கும் வாசல்கள் வேறு. உங்களுக்குரியது டோப்காபி அரண்மனையின் வெளிவாயிலை ஒட்டி, மூன்றாம் அகமதின் நீரூற்று மண்டபத்துக்கு எதிரில் இருக்கிறது. சதுக்கத்தின் பக்கம் நீளும் வரிசையில் போய் நின்று காலை நோகவைக்க வேண்டாம்.

கேட்டவர்

மிக்க நன்றி. பணத்தைத் திரும்பத் தரும் வழி இல்லை என்று விற்றவர்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள். சீட்டின் அடியில் உண்மையான பெயரைப் பொடி எழுத்தில் போட்டுவிட்டு, மேலே குவிமாடத்தின் படத்தைப் பெரிதாகப் போடுவது எந்த ஊர் வியாபாரமோ தெரியவில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மறுமொழி 2

சகோதரி, எனக்குச் சொந்த ஊர் காயல்பட்டினம். வேலை நிமித்தமாக இஸ்தான்புல்லுக்குப் பலமுறை போயிருக்கிறேன். வெள்ளிக்கிழமை விஷயத்தை நான் சொல்கிறேன். ஜும்ஆவை முன்னிட்டு நண்பகலையொட்டி மேல்மாடத்தைச் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடி, 2.30 மணியளவில் திறப்பார்கள். துருக்கி ஆண்டு முழுவதும் ஒரே நேரக் கணக்கில் இருப்பதால் நவம்பரில் அங்கு லுஹர் என்னும் நண்பகல் தொழுகை நேரமே பகல் ஒரு மணியை ஒட்டித்தான் வரும். நீங்கள் விமான நிலையத்திலிருந்து 11 மணிக்கு வந்து சேர்ந்து, வரிசையில் நின்று, மேலே ஏறி மூச்சு வாங்குவதற்குள் வெளியேறச் சொல்லும் நிலை வரலாம். ஆகவே காலையில் முயல வேண்டாம்.

நீங்கள் தவறுதலாக வாங்கிய சீட்டு இங்கேதான் கைகொடுக்கும். அந்த அருங்காட்சியகம் பள்ளிவாசல் அன்று என்பதால் ஜும்ஆவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. தொழுகை நேரத்தில் தாயாருடன் அங்கே நிதானமாக இருந்துவிட்டு, 2.30 மணிக்கு மேல் அசலைப் பார்க்கப் போங்கள். கதையை முதலில் கேட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போவது, வரலாற்று ஆசிரியைக்கு இல்லாவிட்டாலும் உங்களுக்குப் பயன்படும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். தொழப் போவதாகச் சொல்லித் தரைத்தளத்துக்குள் இலவசமாக நுழைந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அங்கே 25 யூரோ மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் ஒளுச் செய்துவிட்டு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவிவிட்டு) வரிசையில் நிற்பவர்களுக்கு நடுவே படம் எடுத்துக்கொண்டு திரிபவர்களைப் பார்க்கும்போது எங்களுக்கு ஏற்படும் சங்கடத்தை எழுத்தில் சொல்ல முடியாது. மேலும் அங்கே பார்க்க வேண்டிய மொசைக்குகளில், அதாவது வண்ணச் சில்லுகளைப் பதித்துச் செய்த ஓவியங்களில், முக்கியமானவை மேல்மாடத்தில்தான் இருக்கின்றன. தலையை மூட ஒரு துப்பட்டாவைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சேலையில் வரும் தாயாருக்கு முந்தானையே போதும்.

மறுமொழி 3

முழங்கால் வலியோடு சென்ற ஆண்டு ஏறியவன் என்ற முறையில் எழுதுகிறேன். மேல்மாடத்துக்குப் போகும் வழி படிக்கட்டு அன்று. சுவருக்குள் வளைந்து வளைந்து ஏறும் கல்பாவிய சாய்தளம். படியில்லை என்பது நல்ல செய்தி. ஆனால் பல நூற்றாண்டுகளாகக் கால்கள் தேய்த்த கல் என்பதால் மேடும் பள்ளமுமாக, எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கிறது, வெளிச்சமும் குறைவு. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று ஓய்வெடுத்தால் ஏறிவிடலாம். பின்னால் வரும் கூட்டத்துக்காக அவசரப்படாமல் சுவரோரமாக ஒதுங்கி நிற்கச் சொல்லுங்கள். அடியில் ரப்பர் பூண் போட்ட கைத்தடியும், பிடிமானமுள்ள காலணியும் அவசியம். மேல்மாடத்தில் காலணியைக் கழற்ற வேண்டியதில்லை.

மறுமொழி 4

மற்றவர்கள் கோபிக்கக் கூடாது. 25 யூரோ கொடுத்து மேல்மாடத்தில் நின்று எட்டிப் பார்ப்பது எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. பேரரசர்கள் முடிசூடிய இடத்தில் பதித்த வட்டக் கற்களையும், பெர்கமோன் நகரிலிருந்து வந்த பளிங்குச் சாடிகளையும் கிட்டத்தில் பார்க்க முடியாது. போதாக்குறைக்கு 2025இல் குவிமாடத்தைச் சீர்செய்வதற்காக நடுக்கூடத்தில் எஃகுத் தூண்களை நிறுத்திச் சாரம் எழுப்பிவிட்டார்கள். ஏறத்தாழ 31 மீட்டர் விட்டமுள்ள அந்தக் குவிமாடம் காற்றில் மிதப்பதுபோல் தோன்றும் என்பதுதான் கட்டடத்தின் பெருமையே; அதை இரும்பு மறைத்தால் என்ன மிச்சம்? காலை வலிக்கவைக்காமல் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். லெபனானின் சிடோனில் 1887இல் கிடைத்த, அலெக்சாந்தர் பெயரால் வழங்கும் கல்சவப்பெட்டி ஒன்றுக்கே அரைநாள் தகும்.

மறுமொழி 1

சாரம் பற்றி மேலே நண்பர் சொன்னது சரி, முடிவு சரியில்லை. கேட்டவரின் தாயார் குவிமாடத்தின் பொறியியலுக்காக அங்கே போகவில்லை. தென்மாடத்தில் இருப்பவற்றைக் கைக்கெட்டும் தொலைவில் பார்க்கலாம், அவற்றுக்குச் சாரம் தடையில்லை. பளிங்குக் கதவைத் தாண்டியதும் வலப்புறச் சுவரில், இயேசுவின் இருபுறமும் மரியாளும் திருமுழுக்கு யோவானும் நின்று மன்றாடும் மொசைக் இருக்கிறது. கீழ்ப்பகுதி உதிர்ந்துவிட்டது, முகங்கள் தப்பின. இன்னும் உள்ளே போனால் பேரரசி ஜோயியும் அவருடைய மூன்றாம் கணவரும் இருக்கிறார்கள். கணவரின் தலையும் பெயரும் மாற்றிப் பதிக்கப்பட்டிருப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். கல் கைப்பிடிச் சுவரில் வைக்கிங் வீரன் ஒருவன் ரூன் என்னும் பழைய வட ஐரோப்பிய எழுத்தில் தன் பெயரைக் கீறிவிட்டுப் போயிருக்கிறான். ஹால்ஃப்தான் என்ற பெயர் மட்டும் படிக்கக் கிடைக்கிறது. நம் ஊர்க் கோயில் தூண்களில் காதலர் பெயரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்பவர்களுக்கு அது கொஞ்சம் ஆறுதல்.

கேட்டவர்

அம்மாவிடம் சீட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டேன், சிரித்தார். திட்டம் இப்படி: 9.45க்கு வெளியே வந்து, பெட்டிகளை விமான நிலையத்திலேயே ஒப்படைத்துவிட்டு மெட்ரோவில் நகருக்குள் போகிறோம். 12 மணிக்கு அருங்காட்சியகம், பிறகு சாப்பாடு, 2.30க்கு ஹாகியா சோபியா, 4.30க்கு நீல மசூதி, 5.30க்குக் கிளம்பி விமான நிலையம். ஏதேனும் பிழை இருந்தால் சொல்லுங்கள்.

மறுமொழி 2

சகோதரி, பிழை இருக்கிறது. வேறெந்த இடமும் வேண்டாம் என்று தொடங்கிய நீங்கள் நீல மசூதியைச் சேர்த்துவிட்டீர்கள். நவம்பர் நடுவில் 5.45 மணியளவில் சூரியன் மறைந்துவிடும். சூரியன் மறைந்ததும் தொழும் மஃக்ரிப் நேரத்தை ஒட்டிப் பார்வையாளர்களை உள்ளே விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை 5.30க்கு அந்த நகரச் சாலையில் இறங்கினால் 8.15 விமானத்தைக் கனவில்தான் பிடிக்கலாம். 4.15க்குச் சதுக்கத்தை விட்டுப் புறப்பட்டுவிடுங்கள். விமான நிலையத்துக்குள் நுழைந்த பிறகும் நடை நீளம். விமான நிறுவனத்திடம் சக்கர நாற்காலியை இப்போதே கேட்டு வையுங்கள்.

மெட்ரோ எனக்குச் சரி, தாயாருக்கு அன்று. விமான நிலைய ரயில் கைரெத்தெபே வரைதான் வரும். அங்கே நிலத்தடியில் நெடுந்தூரம் நடந்து இன்னொரு ரயிலுக்கு மாறி, வெஸ்னெஜிலரில் இறங்கி, தெருவில் நடந்து டிராம் ஏற வேண்டும். இருவருக்கும் போகவர டாக்சி பிடியுங்கள். அந்தச் செலவு முழங்காலுக்குச் செய்யும் வைத்தியம்.

மறுமொழி 3

யாரும் கேட்காத ஒன்று: விசா. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் ஷெங்கன் விசாவை (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான விசா) காட்டித் துருக்கியின் மின்விசா பெறலாம். ஆனால் துருக்கிக்குள் நுழையும் நாளில் அந்த ஷெங்கன் விசா காலாவதியாகாமல் இருக்க வேண்டும். மூன்று மாதம் தங்கியவர் என்பதால் தாயாரின் விசா எந்தத் தேதியோடு முடிகிறது என்று பாருங்கள். உங்களுக்கு ஜெர்மனியின் வதிவிட அட்டை போதும். விண்ணப்பத்தைத் துருக்கி அரசின் சொந்தத் தளத்தில் மட்டும் செய்யுங்கள். அதைப் போலவே தோற்றமளிக்கும் இடைத்தரகர் தளங்கள் பல உண்டு, ஏற்கெனவே ஒரு முறை ஏமாந்தாயிற்று.

கேட்டவர்

அம்மாவின் விசா அந்த ஞாயிற்றுக்கிழமை வரை இருக்கிறது. தப்பித்தோம். நீல மசூதியை நீக்கிவிட்டேன்.

கேட்டவர் (பயணத்துக்குப் பின்)

ஊர் வந்து சேர்ந்துவிட்டோம். பின்னால் தேடி வருபவர்களுக்காக நடந்ததை எழுதிவைக்கிறேன். டாக்சி போகும்போது ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவும், திரும்பும்போது ஒன்றே முக்கால் மணி நேரமும் எடுத்தது. அருங்காட்சியகத்தை முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம்; காட்சிகள் ஓடும் அறைகளில் உட்கார இடம் போதாது. தனியாக 25 யூரோ கொடுத்துப் போகச் சொல்லமாட்டேன், ஆனால் அந்த நண்பகலுக்கு அது பொருந்தியது. 2.30க்கு வாசலுக்குப் போனபோதே எங்களுக்கு முன்னால் நீண்ட வரிசை. கைத்தடியைப் பார்த்த காவலர் ஒருவர் அம்மாவை ஓரமாக உட்காரவைத்தார்.

சாய்தளத்தில் நான்கு இடங்களில் நின்றோம். மேலே நாங்கள் இருந்தபோதே கீழே அஸர் என்னும் பிற்பகல் தொழுகை நடந்தது. யாரையும் வெளியேற்றவில்லை, பேச்சுச் சத்தம் மட்டும் தானாக அடங்கியது. சாரம் நடுவே நிற்கத்தான் செய்கிறது. மன்றாட்டு மொசைக்கின் முன் அம்மா வெகுநேரம் நின்று, முகங்களில் நிழல் விழுந்திருக்கும் பக்கத்தையும், அருகிலுள்ள சன்னலையும் மாறிமாறிக் காட்டினார். சன்னல் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ, அதற்கு ஏற்றபடியே கலைஞன் நிழலைப் பதித்திருக்கிறான்.

அதற்கு எதிரே தரையில், 1204இல் சிலுவைப் போர் வீரர்களை இந்நகரின் மீது ஏவிய வெனிஸ் தலைவர் தண்டோலோவின் பெயர் பொறித்த கல் கிடக்கிறது. பெயர் பொறித்தது 19ஆம் நூற்றாண்டில் என்பதைப் பக்கத்திலிருந்த வழிகாட்டி ஒருவர் தன் குழுவுக்குச் சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது. அம்மா குனிந்து படித்துவிட்டு, "1453க்கு 249 வருஷம் முன்னாலேயே இவங்க ஆளுங்களே, கிறிஸ்தவங்களே, இதைச் சூறையாடியிருக்காங்க. நான் இதுக்கு ஒரு பீரியடுகூட ஒதுக்கினதில்லையே" என்றார்.

இறங்குவதுதான் ஏறுவதைவிடக் கடினமாக இருந்தது. தேய்ந்த கல்லில் முழங்கால் முன்னோக்கித் தள்ளுகிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் இறங்குவதற்கென்று தனியாகக் கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு 4.15 என்பது 4.35 ஆகிவிட்டது; சக்கர நாற்காலி முன்பதிவு இருந்ததால் மட்டுமே விமானத்தைப் பிடித்தோம்.